வயலின் உறுப்புப் பெயர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அக்கலையில் வல்ல பெருமக்களின் வாழ்க்கையையும் அவர்தம் ஆக்கங்களையும் அடிப்படையாகக் கொள்வதே பெருவழக்கு. கருவிகளைச் செய்த கைகளும், அக்கைகள் தம் தொழிலின்பொருட்டு ஆக்கிக்கொண்ட சொற்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஆயினும், தச்சன் ஒருவன் ஒரு சிறு மரத்துண்டுக்கு இட்ட பெயர், அவன் அதனை எதுவாகக் கண்டான் என்பதற்கு எழுதப்படாத சான்றாகும். எழுபதுக்குக் குறையாத சிறு உறுப்புகள் இணைந்து உருவாகும் வயலின் எனும் கருவியை இவ்வகையில் நோக்குமிடத்து, மேனாட்டு மொழிகளிலும் கீழைத்தேய மொழிகளிலும் அதன் உறுப்புகள் பெற்ற பெயர்கள், இசை நூல்கள் கூறாத சில செய்திகளைத் தருகின்றன. தமிழில் அவ்வுறுப்புகளுட் சில பெயர் பெற்றதும், வேறு சில இன்றுவரை பெயரின்றியே இருப்பதும் அவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

வயலின் இன்று அறியப்படும் வடிவில் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியில் தோன்றியது. கௌதென்சியோ பெராரி எனும் ஓவியர் 1530களில் வெர்ச்செல்லியிலும் சரோன்னோவிலும் உள்ள தேவாலயங்களில் தீட்டிய ஓவியங்களில் அக்கருவியின் தொடக்க வடிவங்களைக் காணலாம். கிரெமோனா நகரிலே அந்திரேயா அமாத்தி என்பார் அதற்கு நிலைத்த வடிவம் தந்தார். 1560களில் அவர் பிரான்சு மன்னர் ஒன்பதாம் சார்ள்சின் அரசவைக்காகச் செய்தளித்த கருவிகளுட் சில இன்றும் எஞ்சியுள்ளன. அவர்வழி வளர்ந்த மரபிலேயே 1737இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரியும் தோன்றினார். இது பலரும் அறிந்த வரலாறு. பலர் கருதாதது, கருவியின் பெயரே ஒரு சிறுமைப்பெயர் என்பதாம். வயலா என்பதன் சிறிய வடிவம் வயலினோ. பெரிய வடிவம் வயலோனே. அப்பெரியதன் சிறியது வயலொன்செலோ. 'சிறிய பெரிய வயலா' எனப் பொருள்படும் இக்கடைசிப் பெயரை இத்தாலியர் நகைப்பின்றியே இன்றும் வழங்குகின்றனர். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நெடுங்காலம் வழங்கிய 'பிடில்' என்பது ஆங்கிலேயரின் நாட்டுப்புறச் சொல்லின் திரிபு. அச்சொல்லும் வயலா என்பதும் ஒரே இலத்தீன் வேரினின்றும் கிளைத்தவை எனக் கருதும் சொல்லாராய்ச்சியாளரும் உளர். அவ்வாறாயின், கச்சேரி அறிவித்தல்களில் பிடில் நீங்கி வயலின் புகுந்தமை, தம்பி போய்த் தமையன் வந்த கதையாகும்.

வயலினைச் செய்தோர் அதனை முதன்மையாக ஓர் உடம்பாகவே கண்டனர். தலை, கழுத்து, இடை, முதுகு, விலா என்பன ஆங்கில வழக்கிலுள்ளவை. முன்பலகையை ஆங்கிலேயர் வயிறு என்பர். தந்திகளை முறுக்கும் ஆணிகளுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல் கணுக்காலையும் குறிக்கும். ஜேர்மன் மொழியில் வழங்குவது முதுகெலும்பின் கணுவையும் குறிக்கும். தமிழ்நாட்டு வித்துவான் நிலத்தில் அமர்ந்து வயலினின் தலையைத் தம் வலக்கணுக்காலின் மேல் நிறுத்தி வாசிக்கையில், பிரெஞ்சுக்காரரின் கணுக்கால்கள் தமிழரின் கணுக்காலைத் தொட்டு நிற்கின்றன என்பது வேடிக்கையான ஒற்றுமை.

எல்லாரும் ஒரே உடம்பைக் கண்டிலர். முன்பலகையின் இரு மருங்கிலும் எஃப் எழுத்து வடிவில் வெட்டப்படும் துளைகளை இத்தாலியர் எழுத்தின் பெயராலேயே சுட்டினர். பிரெஞ்சுக்காரர் அவற்றைச் செவிப்புலன் எனப் பொருள்படும் சொல்லால் வழங்கினர். அச்சொல்லே மீனின் செவுளுக்கும் உரியது. வயலினின் வளைந்த விலாவையும் அத்துளைகளையும் ஒருசேர நோக்குவோர்க்கு மீனின் நினைவு எழாதிருத்தல் அரிது. தலையின் சுருளை ஆங்கிலேயர் ஏட்டுச்சுருளாகக் கண்டனர். ஜேர்மானியர் நத்தையாகக் கண்டனர். இத்தாலியர் மயிர்ச்சுருளாகக் கண்டனர். ஜேர்மானியரின் மனம் உடம்பினும் வீட்டையே மிகுதியாக நாடியதுபோலும். அவர்களுக்குப் பின்பலகை தரை, முன்பலகை கூரைத்தளம், உள்ளே நீளவாக்கில் ஒட்டப்படும் மரச்சட்டம் உத்தரம். அதே சட்டத்தை இத்தாலியர் சங்கிலி என்றனர். வில்லின் அடியில் மயிரை இறுக்கும் பகுதி இத்தாலியர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் குதிகால். ஆங்கிலேயர்க்கும் ஜேர்மானியர்க்கும் தவளை. வில்லின் மயிருக்குப் பூசும் பிசினின் ஐரோப்பியப் பெயர்களுட் பல, சின்னாசியாவிலிருந்த கொலபோன் எனும் பழைய கிரேக்க நகரின் பெயரினின்றும் வந்தவை. அந்நகர் அழிந்து நூற்றாண்டுகள் பல ஆயின. அதன் பெயர் வித்துவான்களின் பெட்டிகளில் ஒரு சிறு கட்டியாக எஞ்சியுள்ளது.

தந்திகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய மரத்துண்டின் பெயர் தனியே ஆராயத்தக்கது. ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் உயரமுள்ள இத்துண்டு ஒட்டப்படுவதில்லை, ஆணியடிக்கப்படுவதுமில்லை. இருபது கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவிசையுடைய நான்கு தந்திகள் அதன் முதுகின்மேற் சென்று அழுத்த, இரு கால்களையும் ஊன்றி அது நிற்கின்றது. இத்தாலியரும் ஆங்கிலேயரும் ஸ்பானியரும் இதனைப் பாலம் என்றனர். பிரெஞ்சுக்காரரோ குட்டிக்குதிரை என்றனர். செக் மொழியில் இது சிறு பெண்குதிரை. கிரேக்கர் குதிரையை விடுத்துக் குதிரைவீரன் என்றனர். அரபியர் தம் நரம்புக்கருவிகளில் இதனைக் குதிரை என்றே வழங்கினர். பாரசீகர் சற்றுத் தாழ்த்திக் கழுதைக்குட்டி என்றனர். இந்தி வழக்கில் இது பெண்குதிரை. யப்பானியர் வழக்கிலும் குதிரைக்குட்டி. தமிழில் வீணையின் இவ்வுறுப்புக்குப் பெயர் குதிரை என்பதை இசை பயில்வோர் அனைவரும் அறிவர். வீணையினின்று அப்பெயர் வயலினுக்கும் இயல்பாகவே வந்து சேர்ந்தது.

ஸ்பெயினில் பாலமாக இருந்தது பாரிசிலே குதிரையாகி, அங்கிருந்து யப்பான் வரை குதிரையாகவே இருப்பதற்குக் காரணம் யாது? அரபு, பாரசீகம், வட இந்தியா ஆகிய நிலப்பரப்புகளிடையே கருவி சென்ற வழியே சொல்லும் சென்றிருத்தல் கூடும். ஆனால் அனைத்தையும் கடன்கொண்ட வழக்காகக் கொள்ள வேண்டியதில்லை. மரம் அறுப்போர் மரத்தைத் தாங்க வைக்கும் காற்சட்டத்தையும் ஐரோப்பியர் பலர் குதிரை என்றே வழங்கினர். கால்களையுடையதாய், முதுகிற் சுமப்பதாய், சுமையின் கீழ் அசையாது நிற்பதாய் உள்ள ஒரு பொருளைக் கண்ட தொழிலாளி, அதற்குச் சுமைவிலங்கின் பெயரை இடுவது எந்நாட்டிலும் இயல்பே. பாலம் என்போர் தந்தி கடந்து செல்லும் வழியை நோக்கினர். குதிரை என்போர் சுமையை நோக்கினர். இக்கருவியின் ஒலி பிறக்கும் முறையை அறிந்தோர் குதிரை என்பாரின் பக்கமே சாய்வர். ஏனெனில் தந்தியின் அதிர்வு இத்துண்டின் மேலாகக் கடந்துபோய் விடுவதில்லை. அதன் கால்களின் வழியாகக் கீழிறங்கி முன்பலகையை மிதித்து அசைக்கின்றது.

குதிரைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மற்றோர் உறுப்பு உண்டு. பென்சிலளவு பருமனுள்ள ஒரு சிறு மரக்குச்சி முன்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே செங்குத்தாக நிற்கின்றது. குதிரையின் வலக்காலுக்குச் சற்றுப் பின்னே, மெல்லிய தந்தியின் பக்கமாக, இறுக்கத்தினால் மாத்திரம் அது நிலைபெறுகின்றது; பசையில்லை, ஆணியில்லை. அக்கால் ஏறத்தாழ நிலைத்திருக்க, மறுகால் உத்தரச் சட்டத்தின்மேல் அசைந்து பலகை முழுவதையும் இயக்குகின்றது. குச்சியை நீக்கினால் ஒலி மெலிந்து வெறுமையாகும். ஒரு மில்லிமீற்றர் நகர்த்தினாலும் கருவியின் குரல் மாறும். பிரெஞ்சு அறிவியலாளர் பெலிக்ஸ் சவார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்குச்சியின் தொழிலை ஆய்வுகளால் விளக்க முற்பட்டார். அதற்கு நெடுங்காலம் முன்னரே தச்சர் அதனைத் தம் முறையில் விளங்கிக்கொண்டிருந்தனர் என்பதற்கு அவர்கள் இட்ட பெயரே சான்று. இத்தாலியர் அதனை ஆன்மா என்றனர். பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அவ்வாறே வழங்கினர். போலந்து மொழியிலும் செக் மொழியிலும் அங்கேரிய மொழியிலும் அது ஆன்மாவே. உருசியர் செல்லமாகச் சிற்றான்மா என்பர். துருக்கியர் உயிர்க்கம்பம் என்றனர். மேனாட்டு இசையை 19ஆம் நூற்றாண்டில் முறையாகக் கற்கத் தொடங்கிய யப்பானியர், தமக்குப் புதியதான இவ்வுறுப்புக்கு ஆவி, தூண் என்னும் இரு எழுத்துகளைச் சேர்த்து ஆவித்தூண் எனப் பெயர் ஆக்கிக்கொண்டனர். ஆங்கிலேயரோ ஒலிக்கம்பம் எனப் பொருள்படும் வறண்ட சொல்லோடு அமைந்தனர். அவர்தம் சொல்லே தமிழருக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த வழி வருமாறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனையடுத்தும் சென்னையில் ஆங்கிலேயரின் இசைக்குழுக்கள் இருந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் அங்கு ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அதனைக் கர்நாடக இசைக்குரியதாக்கினார். பின்னர் அவர் எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக விளங்கினார். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவரும் தஞ்சை நால்வருள் ஒருவருமாகிய வடிவேலு இக்கருவியில் வல்லவராகித் திருவிதாங்கூர் சென்று, சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். ஐரோப்பியர் நின்று வாசித்ததைத் தமிழர் அமர்ந்து வாசித்தனர். அவர்கள் ஐந்தாம் சுர இடைவெளியில் நான்கு தந்திகளையும் அடுக்கியதை மாற்றி, ஷட்ஜம் பஞ்சமம், மீண்டும் ஷட்ஜம் பஞ்சமம் எனச் சுருதி கூட்டினர். ஒரு நூற்றாண்டுக்குள், திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயர், மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை முதலியோரின் காலத்தில், வயலின் இல்லாத கச்சேரியை நினைத்தலும் அரிதாயிற்று.

இம்மாற்றத்தின்போது உறுப்புகளின் பெயர்களுக்கு நேர்ந்தது யாது? வீணையில் ஒத்த உறுப்பு இருந்தவிடத்து வீணையின் பெயர் தயக்கமின்றி வந்து அமர்ந்தது. தந்தி தந்தியாகவே நின்றது, பாலம் குதிரையாயிற்று, முறுக்காணி பிருடையாயிற்று, தலைப்பக்கத்தில் தந்தி தங்கும் மேடு மேருவாயிற்று. வீணையின் தலையில் யாளி இருக்குமிடத்தில் வயலினில் சுருள் இருந்தது. இதுவும் முற்றிலும் அந்நியமானதன்று. வொல்ப்காங் மோசார்ட்டின் தந்தையாகிய லெயோபோல்ட் மோசார்ட் 1756இல் ஆக்ஸ்பேர்க் நகரில் வெளியிட்ட வயலின் பயிற்சி நூலில், சுருளுக்குப் பதிலாகச் சிங்கத்தலை செதுக்கும் வழக்கமும் தம் காலத்தில் இருந்தமையைக் குறிப்பிடுகின்றார். யாளிக்கும் அச்சிங்கத்துக்கும் தொலைவு அதிகமில்லை.

லெயோபோல்ட் மோசார்ட்டின் நூல் வேறொரு வகையிலும் இங்குக் கருதத்தக்கது. வில்லைப் பிடிக்கும் முறையைக் கூறுமுன், கருவியின் உறுப்புகளைப் பெயர் சொல்லி விளக்குவதோடு அது தொடங்குகின்றது. கற்பவன் தன் கையிலிருப்பது யாது என அறிந்த பின்னரே அதனைத் தோளில் வைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. தமிழ்நாட்டுக் குருகுல முறையில் இத்தகைய பாடம் அமையவில்லை. அமரும் முறை, சுருதி, சரளிவரிசை என்பவற்றோடு பயிற்சி தொடங்கிற்று. பெயர்கள் வேண்டும்போது ஆசானின் வாயிலிருந்து வந்தன. வீணைக்கு இம்முறை போதுமானதாக இருந்தது. ஏனெனில் வீணை தஞ்சாவூரிலேயே பலா மரத்திற் செய்யப்பட்டது; செய்யும் ஆசாரியும் வாசிக்கும் வித்துவானும் ஒரே தெருவிற் பேசிக்கொள்ளக்கூடியவர்கள். குடம், தண்டி, மெட்டு, நாகபாசம் முதலிய சொற்கள் பட்டறைக்கும் கச்சேரிக்கும் பொதுவாக இருந்தன. வயலினோ கப்பலில் முடிந்த பொருளாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சக்சனியின் மார்க்நோய்கிர்ஷனிலும் பிரான்சின் மிரெக்கூரிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கருவிகள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. அவற்றுட் பலவற்றின் உள்ளே ஸ்திராதிவாரியின் பெயர் பொறித்த தாள் ஒட்டப்பட்டிருக்கும். அத்தாளைக் கண்டு பெருஞ்செல்வம் கிடைத்ததென மகிழ்ந்து ஏமாறிய குடும்பங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. முடிந்து வந்த பொருளைத் திறந்து பார்க்கும் தேவை வாசிப்போருக்கு இல்லை. ஆதலால் வெளியே தெரிந்தவை வீணையின் பெயர்களைப் பெற்றன. வீணையில் இல்லாதனவும் உள்ளே மறைந்தனவும் ஆங்கிலப் பெயரோடு நின்றன, அல்லது பெயரின்றியே நின்றன. ஆன்மா எனப் பல நாட்டாரும் வழங்கிய உறுப்பு இவ்வாறே தமிழிற் 'சவுண்ட் போஸ்ட்' ஆயிற்று.

இவ்விடத்து ஈழத்தோடு தொடர்புடைய இரு செய்திகளைக் குறிப்பிடுதல் தகும். ஒன்று பொய், மற்றது மெய். இராவணன் வயலினின் மூதாதையாகிய கருவியைப் படைத்தான் என்பது முதலாவது. பியேர் சொன்னெரா எனும் பிரெஞ்சுப் பயணி 1782இல் வெளியிட்ட நூலில் இராவணனின் பெயரோடு கூடிய ஒரு வில்லிசைக் கருவியைக் குறித்தார். அதனைக்கொண்டு பெல்ஜிய இசையறிஞர் பெத்தி 1856இல், வில்லால் இசைக்கும் கலை இலங்கையாண்ட இராவணனின் காலத்திலேயே தோன்றியது என எழுதினார். ஐரோப்பியர் ஒருவரே கூறியமையால் இக்கூற்று இந்நாட்டிலும் பெருமையோடு எடுத்தாளப்படுவதுண்டு. இராசத்தானிலும் குசராத்திலும் நாட்டுப்புறக் கலைஞர் இராவணனின் பெயராலமைந்த கருவியை வாசிக்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் வில்லால் நரம்பை இழைத்து இசைக்கும் முறைக்குரிய உறுதியான சான்றுகள் 10ஆம் நூற்றாண்டளவிலேயே தொடங்குகின்றன. வேர்னர் பக்மன் 1964இல் வெளியிட்ட ஆய்வு அதன் பிறப்பிடத்தை நடு ஆசியாவில் வைக்கின்றது. புராணத்தைப் புராணமாகப் போற்றுதல் வேறு, வரலாறாகக் கொள்ளுதல் வேறு.

மெய்யான தொடர்பு மன்னர்களைப் பற்றியதன்று, மரத்தைப் பற்றியது. வயலினின் முன்பலகை ஊசியிலை மரமாகிய ஸ்புரூஸ். பின்பலகையும் விலாவும் கழுத்தும் மேப்பிள். விரல்கள் அழுந்தும் கரிய பலகையும், பல கருவிகளின் பிருடைகளும் கருங்காலி. ஐரோப்பிய மரவணிகத்திற் சிறந்ததெனக் கொள்ளப்பட்ட கருங்காலி வகைகளுள் இலங்கையின் கருங்காலி முதன்மையானது. 'சிலோன் எபொனி' என்பது அதற்கு வழங்கிய வணிகப் பெயர். வன்னிக் காடுகளிலும் கீழ்மாகாணக் காடுகளிலும் வளரும் இம்மரம் விரலின் தேய்வையும் தந்தியின் உராய்வையும் நெடுங்காலம் தாங்கவல்லது. ஐரோப்பாவில் ஒரு வித்துவானின் விரல் பட்ட கரும்பலகை ஈழத்துக் காட்டில் நின்ற மரமாக இருந்திருக்கலாம் என்பதற்கு இராவணன் கதைக்கு இல்லாத தகுதி உண்டு. வயலின் ஈழத்துக்கு வந்ததும் ஆங்கிலேயரோடு மாத்திரமன்று. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் திருமணங்களில் ஆடும் கப்ரிஞ்ஞா ஆடலுக்கு வயலின் வாசித்து வந்துள்ளனர்; கச்சேரி மேடையை அறியாத வயலின் அது.

தமிழுக்கு நரம்புக்கருவியின் உறுப்புகளைப் பெயரிட்டு வழங்கும் ஆற்றல் இல்லாமையால் இந்நிலை ஏற்பட்டது எனக் கருதுவோர், பத்துப்பாட்டை நோக்குதல் வேண்டும். பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லப்படுகின்றன. பத்தல் விலங்கின் குளம்பு பதிந்த பிளவுபட்ட சுவடு போன்றது. அதன்மேற் போர்த்த தோல் இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிறு போன்றது. துளைகளை மூடிய ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண் போன்றவை. வறுவாய் எட்டாம் நாட்பிறை வடிவினதாய் உண்ணாக்கு இல்லாத வாயாகும். மேலெழுந்த கரிய மருப்பு தலைதூக்கிய பாம்பாகும். வரிசையாக இறுகக் கட்டிய திவவு கரியவளின் முன்கையில் அடுக்கிய வளையல்களாகும். ஒரு கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவரே இவ்வாறு பாடமுடியும். ஆங்கிலேயர் வயிறு என்ற அதே பகுதியைத் தமிழ்ப் புலவரும் வயிறாகவே கண்டார். முன்பலகைக்கு ஜேர்மானியர் வழங்கும் சொல் கூரைத்தளத்தை மட்டுமன்றிப் போர்வையையும் குறிக்கும். யாழின் தோலுக்குத் தமிழ்ப்பெயரும் போர்வையே. கோடு, மருப்பு என்பன கொம்பின் பெயர்கள். நரம்பு என்பது உடம்பின் நரம்பே. ஐரோப்பியரும் ஆட்டின் குடலை முறுக்கியே நெடுங்காலம் தம் வயலினுக்குத் தந்தி இட்டனர். இன்று வழங்கும் தந்தி என்னும் வடசொல்லோ, இசையைவிட்டு நீங்கி மின்கம்பி வழி வந்த செய்திக்கும் பெயராகி, இறப்புச் செய்தியைக் குறிக்கும் அச்சச்சொல்லாகவும் ஒரு காலத்தில் இல்லங்களில் ஒலித்தது.

யாழ் வழக்கொழிந்தது. கருவி மறையவே பெயர்கள் தனித்து நின்றன. உரையாசிரியர்கள் தாம் கண்டறியாத உறுப்புகளுக்கு உரை எழுதும் நிலை ஏற்பட்டது. பிற்காலத்தார் யாழையும் வீணையையும் ஒன்றெனவே மயங்கினர். ஈழத்தில், ஒரு கருவியின் பெயரையே தன் பெயரிற் கொண்ட நகரிலும், அக்கருவி எத்தகையது என எவரும் காட்டமுடியாதிருந்தது. காரைதீவிற் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற விபுலாநந்த அடிகள், இச்சொற்களை அவற்றுக்குரிய பொருள்களோடு மீண்டும் இணைக்கும் பணியில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டார். பாட்டில் உள்ள உவமையை அளவாகக் கொண்டும், சிற்பங்களை நோக்கியும், சுருதிக் கணக்கீட்டின் துணைகொண்டும் அவர் யாழின் வடிவங்களை மீட்டமைக்க முயன்றார். அவரது யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். அவர்தம் முடிவுகளுட் சில பின்வந்த ஆராய்ச்சியாளரால் மறுக்கப்பட்டுள்ளன. எனினும், பத்தர், திவவு, ஆணி என்பன வெறும் அருஞ்சொற்கள் அல்ல, ஒரு தச்சனின் கையிலிருந்த பொருள்களின் பெயர்கள் என்பதை அவர்போல் உணர்த்தியவர் வேறு எவருமிலர்.

கிரெமோனாவுக்கும் இத்தகைய இடையறவு நேர்ந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரின் பெருமரபு அற்றுப்போயிற்று. கோசியோ பிரபு எனும் செல்வர் ஸ்திராதிவாரியின் பட்டறையில் எஞ்சிய அச்சுகளையும் வரைபடங்களையும் கருவிகளையும் அவரது மகனிடமிருந்து 1770களில் வாங்கி, தாம் கண்ட வயலின்களையெல்லாம் அளந்து குறித்துவைத்தார். அவர் வாங்கிய பொருள்கள் பின்னர் கிரெமோனாவுக்கே திரும்பின. அங்கு 1938இல் வயலின் செய்யக் கற்பிக்கும் பள்ளி நிறுவப்பட்டது. 2012இல் யுனெஸ்கோ அக்கைத்தொழிலை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. பொருள்களும் சொற்களும் ஒருங்கே காக்கப்பட்டமையால் அங்கு மீட்பு எளிதாயிற்று. அடிகளாருக்குச் சொற்கள் மாத்திரமே கிடைத்தன.

வயலினைப் பொறுத்தவரை தமிழரின் நிலை இவ்விரண்டுக்கும் மாறானது. பொருள் கையில் இருக்கின்றது, சொல் இல்லை. மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கி 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக்கழகம் முதலாக, ஈழத்தில் வயலின் முறையான பாடமாகிப் பல்லாண்டுகள் ஆயின. கலைச்சொல்லாக்கத்தில் ஈழத்தவர் பின்தங்கியவரல்லர்; வேதியியலும் பொறியியலும் மருத்துவமும் தமிழிற் கற்பிக்கும்பொருட்டு ஆயிரக்கணக்கான சொற்கள் இந்நாட்டில் ஆக்கப்பட்டன. ஆனால் அம்முயற்சி வகுப்பறையை நோக்கியது, பட்டறையை நோக்கவில்லை. இசைப் பாடத்திலும் தாளம், இராகம், சுரம் என்பவற்றின் இலக்கணமே பேரிடம் பெற்றது. கருவியின் உட்புறம் தேர்வுக்குரியதன்று. ஒலித்தூண் எனவோ, யப்பானியரைப்போல் உயிர்த்தூண் எனவோ ஒரு சொல்லை ஆக்குதல் ஒரு நாழிகைப் பணி. அச்சொல் வாழ்வது அதனை நாள்தோறும் வாயால் வழங்குவோர் இருந்தால் மட்டுமே. குதிரை வாழ்ந்தது தச்சனும் வித்துவானும் அதனை வழங்கியமையாலேயே. எக்குழுவும் கூடி அதனை ஆக்கவில்லை.

உயிர்த்தூணுக்குப் பெயர் வேண்டியிருப்பது ஒரு குறிப்பிட்ட வேளையிலாகும். பழுதடைந்த தந்திகள் நான்கையும் ஒருங்கே கழற்றும் மாணவன், குதிரை சாய்ந்து விழுவதைக் காண்பான்; அதனோடு கருவியின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று விழுந்து உருளும் ஓசையையும் கேட்பான். புதிய தந்திகளை இட்டுக் குதிரையை நிமிர்த்திய பின்னரும் குரல் திரும்பாது. தூணின்றித் தந்தியை முறுக்கினால் முன்பலகை அமிழ்ந்து வெடிக்கவும் கூடும். தனக்கு நேர்ந்தது யாதெனப் பிறரிடம் சொல்ல அவனிடம் சொல் இல்லை. பழுதுபார்ப்போர் கருவியைக் கவிழ்த்து, மீனின் செவுள் என்ற அத்துளை வழியே குச்சியை வெளியே எடுப்பர். பின்னர் இருமுறை வளைந்த ஓர் இரும்புக் கம்பியின் நுனியில் அதனைக் குத்தி, அதே துளை வழியே உள்ளே செலுத்தி, குதிரையின் வலக்காலுக்குச் சற்றுப் பின்னே நிமிர்த்தி நிறுத்துவர்.